நாலு மணிக்குப் பிறகுதான்

பெப்ரவரி 9, திங்கள்

இன்று லீவு. உடுப்புத் தோய்த்தேன். காலை ஒன்பதுக்குக் கொடியில் போட்டது பத்தரைக்கே அப்பளமாகக் காய்ந்துவிட்டது. வடக்கே பாலைவனப் பக்கமிருந்து காற்று வருகிறது. கொடியிலிருந்து எடுத்த துவாய் முகத்தைச் சுரண்டியது.

அத்தான் போன் எடுத்தார். அவருக்குக் காது மந்தம். இருபத்தாறு வருடம் ட்ராம் ஓட்டிய மனிதர், மணியடித்து மணியடித்தே போய்விட்டது. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். நான் அவரோடு கதைத்தால் பாதிப் பதில் பின்னால் நிற்கும் அக்காவிடமிருந்துதான் வரும்.

"பிள்ளை, சனிக்கிழமை எப்பிடி?"

"இண்டைக்குத் திங்கள், அத்தான்."

"தெரியும். சனிக்கிழமை எப்பிடி எண்டு கேட்டன்."

சனிக்கிழமை ஒரு குளிர்முகம் வருகிறது. மெல்பேர்ணில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மத்தியானம் முப்பத்தெட்டுப் பாகையில் வெந்துகொண்டிருப்போம்; தெற்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வந்து சூட்டுக் காற்றை முட்டித் தள்ளும்; பின்னேரம் பதினெட்டுப் பாகையில் ஸ்வெற்றர் தேடுவோம். அந்த இரண்டு காற்றும் முட்டும் எல்லைக்கோடுதான் குளிர்முகம். அது எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்டும், தாண்டும்போது எவ்வளவு வேகமாக அடிக்கும் என்று சொல்வதுதான் இருபத்திரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுகிறது.

சனிக்கிழமைதான் எங்கள் ஊர்க் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டி. அத்தான் செயலாளர். ஐந்து நாளுக்கு முன்னால் மணி சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமை கேளுங்கள் என்றேன்.

"வெள்ளிக்கிழமை சொல்லுவாளாம்," என்று அக்காவுக்கு அறிவித்தார். அக்கா ஏற்கெனவே கேட்டிருப்பாள்.

பெப்ரவரி 11, புதன்

வேலை முடிந்து அத்தான் வீட்டுக்குப் போனேன். காரை வெளியில் விட்டுவிட்டுக் கராஜுக்குள் கப்பல் கட்டுகிறார்.

எங்கள் ஊர்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஓட்டமும் பாய்ச்சலும் பாதிதான். மற்றப் பாதி இல்ல அலங்காரம். நீல இல்லம், சிவப்பு இல்லம், மஞ்சள் இல்லம் என்று பிரிந்து மைதானத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு கோட்டையோ கோபுரமோ வெளிச்சவீடோ கட்டுவார்கள். நடுவர்கள் வந்து சுற்றிப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். புள்ளி போடும்வரை அதில் ஒரு ஆணியைக்கூட ஒருவரும் தொடக் கூடாது. ஓட்டத்தில் தோற்றால் மறந்துவிடுவார்கள். அலங்காரத்தில் தோற்றால் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். கடல் தாண்டி வந்தும் இந்த விசர் போகவில்லை.

நீல இல்லத்துக்கு இந்த முறை பாய்க்கப்பல். எங்கள் ஊர் கப்பல் ஓட்டிய ஊர். பதினெட்டடிக் கம்பம், அதிலே ஐந்து மீற்றருக்கு நாலு மீற்றர் பாய். பாயைச் செல்வமலர் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தானின் பக்கத்து வீட்டுக்காரி, நாற்பதைத் தாண்டாதவள், வாய் ஓயாதவள். சீமெந்து நிலத்தில் மெஷினை வைத்து, சப்பணம் கட்டி இருந்து, நீலத் துணிக்குள் பாதி மறைந்துபோயிருந்தாள்.

"அக்கா, காத்துக் கடுமையா வருமெண்டாச் சொல்லுங்கோ. இன்னும் ரெண்டு தையல் கூடப் போடுறன்."

"போடு, போடு," என்றேன்.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். "இந்த முறையும் குடை விரிக்க வைக்காதையடி," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வருடக் கதை அது. பலத்த இடிமுழக்கம் வரும் என்றேன். அத்தான் என் சொல்லைக் கேட்டுப் போட்டியை நிறுத்தினார். நானூறு பேருக்குச் சமைத்த சோறு வீணானது. வானம் நாள் முழுக்கத் துடைத்துவிட்டதுபோல இருந்தது. புயல் எழுபது கிலோமீற்றர் வடக்கே போய் ஒரு நகரத்தையே இருட்டாக்கியது. ஆனால் அதை யார் கேட்டார்கள்? பிறகு ஒரு கலியாணத்தில் நான் மண்டபத்துக்குள் நுழைய ஒருவன் எழும்பிக் குடையை விரித்தான். அன்றிலிருந்து என் பெயர் குடை.

பரவாயில்லை. தொழிலில் இதெல்லாம் இருக்கிறதுதான். எனக்கு ஒன்றுமில்லை.

பெப்ரவரி 13, வெள்ளி

குளிர்முகம் மைதானத்தை நாளைப் பின்னேரம் நாலு மணிக்குத் தாண்டும். எல்லாக் கணினி மாதிரிகளும் மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில்தான் நிற்கின்றன. இந்த ஒற்றுமை அபூர்வம். நான் நாலு என்று எழுதினேன்.

பக்கத்து மேசை கிரேக் தலையை ஆட்டினான். என்னைவிட எட்டு வருடம் மூத்தவன், சந்தோசமாகவே இருக்கத் தெரியாதவன். "குளிர்முகம் நாலுக்கு வரட்டும். அதற்கு முன்னால் ஓடிவரும் இடிமுகில்களுக்கு யார் நேரம் சொல்வது?"

"முகிலின் அடியே மூன்று கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழை தரைக்கு வரவே வராது," என்றேன்.

"அதுதான் எனக்குப் பயம்," என்றான்.

அவன் சொல்வது எனக்குத் தெரியாததல்ல. உயரத்தில் பெய்யும் மழை, வறண்ட காற்றில் விழும்போது பாதி வழியிலேயே காய்ந்துபோகும். காயும்போது சுற்றியிருக்கும் காற்றைக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று கனம். அது அப்படியே கீழே விழும். ஒரு வாளித் தண்ணீரைச் சீமெந்து நிலத்தில் ஊற்றினால் எப்படி நாலு பக்கமும் ஓடுமோ அப்படி ஓடும். ஒரு துளி மழை இல்லாமல் மரங்கள் முறியும். பயிற்சி வகுப்பில் புதியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான்.

ஆனால் அதற்கான சாத்தியம் நூற்றுக்கு முப்பது என்று போட்டேன். முப்பது என்றால் எழுபது பங்கு வராது என்றுதானே.

பின்னேரம் அத்தான் கேட்டார். பொதுவாகச் சொன்னேன்.

பெப்ரவரி 14, சனி

காலை ஆறு மணி வேலை. எச்சரிக்கை 12.12க்குப் போனது. காற்று மைதானத்துக்கு 12.48க்கு வந்தது.

வீட்டுக்கு வந்து காய்ந்த உடுப்பை மடித்தேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

நடந்ததை எழுதி வைக்கிறேன். வேலையிலும் அப்படித்தான் செய்வோம்.

மைதானத்திலிருந்து இரண்டு கிலோமீற்றரில் எங்கள் கருவி ஒன்று நிற்கிறது. 12.40க்குக் காற்று மணிக்கு இருபது கிலோமீற்றர். 12.48க்குத் தொண்ணூற்றெட்டு. மழை பூச்சியம். பத்து நிமிடத்தில் பழையபடி இருபது.

கப்பல் விழுந்தது. மற்ற இல்லங்களின் கோட்டைக்கும் கோபுரத்துக்கும் காற்றுப் போக ஓட்டைகள் இருந்தன. மட்டைகள் பறந்ததோடு சரி. கப்பலுக்குப் பாய் இருந்தது. பாய் கிழிந்திருந்தால் கம்பம் நின்றிருக்கும். பாய் கிழியவில்லை. தையல் நல்ல தையல்.

செல்வமலர் பாயின் நிழலில் இருந்தவள். முப்பத்தெட்டுப் பாகை வெயிலில் மைதானத்தில் அதுதான் பெரிய நிழல். கம்பம் தலையில் விழுந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். கண் திறக்கவில்லை.

அந்த வேகத்தில் அந்தப் பாயின் மேல் எவ்வளவு பாரம் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. பிறகு குசினியைக் கழுவினேன்.

பெப்ரவரி 17, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் இடையில் முப்பத்தாறு நிமிடம். இப்படியான திடீர்க் காற்றுக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விசயம். மேலாளர் என் எச்சரிக்கையைத் திரையில் போட்டுக் காட்டினார். "திறந்த வெளியில் உள்ள கூடாரங்களையும் தற்காலிக அமைப்புகளையும் கழற்றவும் அல்லது விலகி நிற்கவும்." நான் எழுதிய வசனம். கீழே என் முதலெழுத்துகள்.

எல்லோரும் கை தட்டினார்கள். கிரேக் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்குத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்களா?" என்று கேட்டான். ஆம் என்றேன். தோளைத் தட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோப்பி போடப் போனேன்.

பெப்ரவரி 18, புதன்

அத்தான் வீட்டுக்குப் போனேன். கராஜ் கதவு திறந்து கிடந்தது. நிலத்தில் நீல நூல்கள் கிடந்தன. ஒருவரும் கூட்டவில்லை.

அத்தான் மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை. சங்கத்தின் வட்ஸ்அப்பில் வந்தவற்றை எனக்குக் காட்டினார். "அரசாங்கம் போனுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கு. செயலாளருக்குக் கண் தெரியாதோ?" "கப்பலுக்குப் புள்ளி வேணுமெண்டு ஒரு மனிசியைச் சாகக் கிடத்தியாச்சு." அவரோடு முப்பது வருடம் பழகியவர்கள் எழுதியிருந்தார்கள்.

அக்கா எழும்பிக் குசினிக்குள் போனதும் என் பக்கம் குனிந்தார். மெதுவாகக் கதைக்கத் தெரியாத மனிதர் மெதுவாகக் கதைக்கப் பார்த்தார்.

"அண்டைக்குப் போனில கதைச்சதை விடு. ஒருத்தருக்கும் சொல்லாதை. பொலிஸ் கேட்டவங்கள். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பற்றிக் கதைச்சதெண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் அத்தான்?"

"நீ அரசாங்க வேலையில இருக்கிற பிள்ளை. நான் ஓய்வெடுத்த ட்ராம்காரன். எனக்கு ஏச்சு ஒட்டாது."

பதினாலு வயதில் என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவர் அவர். பௌதிக வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, காருக்குள்ளேயே இரண்டு மணித்தியாலம் நித்திரை கொள்வார். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று தன் ட்ராமில் ஏறிய முன்பின் தெரியாத சனத்துக்கெல்லாம் சொன்னாராம்.

வேண்டாம், நான் சொல்கிறேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அக்கா சோற்றுக் கோப்பையோடு வந்தாள். "சாப்பிடு," என்றாள். அன்று என்ன நடந்தது என்று அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பெப்ரவரி 21, சனி

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

பெப்ரவரி 25, புதன்

செல்வமலர் காலை ஆறு பத்துக்குப் போய்விட்டாள். பதினொரு நாள். கண் திறக்கவேயில்லை.

இன்று காற்றில்லை. வெப்பம் எட்டுப் பாகை ஏறி இறங்கியது, அவ்வளவுதான். வானிலை அறிக்கை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச நேரம் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

செத்தவீடு. நான் போனேன். அத்தானை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் மண்டபத்துக்கு எதிரே, தெருவின் மறுபக்கம், காருக்குள் இருந்தார். உள்ளே இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்கு முன்வரிசையில் கதிரை தந்தார்கள். குடை என்று ஒருவரும் சொல்லவில்லை. "நீங்கள் சொல்லித்தானே இருந்தனீங்கள், தங்கச்சி," என்றார் குடையை விரித்த அதே ஆள். கண்கலங்கிச் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

செல்வமலரின் முகத்தைப் பார்த்தேன். வாய் மூடியிருந்த அவளை நான் கண்டதில்லை.

மார்ச் 11, புதன்

விசாரணை அதிகாரி அலுவலகத்துக்கே வந்தார். இளம் பெண், மரியாதையானவர். எச்சரிக்கை எழுதியவர் என்ற முறையில் என் வாக்குமூலம் வேண்டுமாம். நேரங்களைச் சொன்னேன். அச்சடித்த ராடார் படங்களைக் கொடுத்தேன். முக்கால் மணித்தியாலம் நன்றாகத்தான் போனது.

எழும்பப் போகும்போது ஒரு தாளைப் பார்த்துக் கேட்டார். "12.19க்குச் செயலாளர் உங்கள் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்திருக்கிறார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. சாப்பாட்டுப் பார்சல்களைப் பற்றி என்று அவர் சொல்கிறார். சரிதானே?"

ஆம் என்றேன்.

அவர் ஒரு சரி போட்டார். கையெழுத்து வைத்தேன். வாசல்வரை கூட்டிப்போய் வழியனுப்பினேன். வெளியே வெயில் சுடும், தொப்பி இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன்.

மார்ச் 12, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று அறிவித்தேன்.

இதில் நான் எழுதாமல் விட்டவற்றை எழுதுகிறேன். இந்தக் கொப்பிக்கே பொய் சொல்லிக்கொண்டு யாருக்காக எழுதுகிறேன்?

வெள்ளிக்கிழமை அத்தானுக்குப் பொதுவாக ஒன்றும் சொல்லவில்லை. "நாலு மணி வரைக்கும் பயமில்லை. நடத்துங்கோ," என்றேன். முப்பது வீதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. முப்பது வீதம் என்றால் அவர் போட்டியை நிறுத்துவார். நிறுத்தி, ஒன்றும் வராமல் போனால், இன்னொரு கலியாணம், இன்னொரு குடை.

சனிக்கிழமை 11.52க்கு மேற்கே எழுபது கிலோமீற்றரில் ஒரு கருவி தொண்ணூற்றாறு காட்டியது. மழை இல்லை. அதைப் பார்த்துத்தான் எச்சரிக்கை எழுதினேன். விதி அப்படி. தொண்ணூறைத் தாண்டினால் எழுத வேண்டும். கை எழுதியது. மனம் இன்னும் நாலு மணியில்தான் நின்றது.

12.19க்கு அத்தான் எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கியில் நூறு மீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, போனில ஏதோ எச்சரிக்கை எண்டு வந்து கிடக்கு. பாயை இறக்கட்டோ?"

"அது நான் போட்டதுதான், அத்தான். முழு மேற்குப் பக்கத்துக்கும் சேர்த்துப் போடுறது."

"அப்ப எங்களுக்கு?"

"உங்களுக்கு நாலு மணிக்குப் பிறகுதான்."

"நடுவர்மார் ஒரு மணிக்குத்தான் வருவினம். இறக்கினாப் புள்ளி போகும். நீ இறக்கெண்டா இப்பவே இறக்கிறன்."

"விடுங்கோ அத்தான். போன வருசம்மாதிரி என்னைக் குடை ஆக்காதேங்கோ."

அவர் சிரித்தார். "சரி, நீ சொன்னாச் சரி," என்று வைத்தார்.

இவ்வளவுதான். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பாயை இறக்க நாலு பேருக்குப் பத்து நிமிடம் போதும். அவருக்கு இருபத்தொன்பது நிமிடம் இருந்தது.

அவர் எச்சரிக்கையைப் பார்த்தார். படித்தார். அதை எழுதியவளிடமே கேட்டார். ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

மார்ச் 27, வெள்ளி

அந்தியேட்டிக் கிரியை. முப்பத்தொராம் நாள். அக்கா பழத்தட்டோடு போய், வாசலிலேயே திரும்பி வந்தாளாம். என்னை உள்ளே கூப்பிட்டு இருத்திச் சோறு போட்டார்கள்.

செல்வமலரின் புருசன் தவநேசன் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர். ஆள் பாதியாகிவிட்டார்.

"அக்கா, நீங்கள் உங்கட கடமையைச் செய்தனீங்கள். அரை மணித்தியாலத்துக்கு முதலே சொன்னனீங்கள். அந்த மனிசன் உங்களை ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, என்ர மனிசி இருந்திருப்பா."

"தவநேசன்..." என்றேன்.

"சொல்லுங்கோ அக்கா."

அவர் கை கும்பிட்டபடி நின்றது. நன்றி சொல்ல வந்த கை. பின்னால் செல்வமலரின் படத்துக்கு விளக்கு எரிந்தது.

"சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப்பிறப்பு. சங்கத்தின் புதிய செயலாளரைத் தெரிவு செய்ததாகச் செய்தி வந்தது. அத்தானின் பெயர் குழுவிலிருந்தே நீக்கப்பட்டது. அக்கா வீட்டில் இந்த முறை பொங்கவில்லை.

மே 20, புதன்

கிரேக் ஓய்வுபெற்றுப் போகிறான். புதியவர்களுக்கான வகுப்பை நானே முழுதாக எடுக்க வேண்டுமாம். பெப்ரவரி 14ஐ உதாரணமாக வைக்கச் சொன்னார்கள். நல்ல எச்சரிக்கைக்கு உதாரணம்.

படங்களை வரிசைப்படுத்தினேன். 11.52, 12.12, 12.48. நடுவில் 12.19 இல்லை. வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "எச்சரிக்கை போயும் ஏன் அவர்கள் கழற்றவில்லை?" மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களின் சொல்லைத்தான் நம்புவார்கள் என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

யூன் 9, செவ்வாய்

ஒரு சட்டத்தரணியிடம் பெயர் சொல்லாமல் போனில் கேட்டேன். வாக்குமூலத்தை மாற்றலாமாம். ஆனால் நான் மாற்றினால் அத்தான் பொலிஸுக்குப் பொய் சொன்னவர் ஆவாராம். என்னைவிட முதலில் சொன்னவர் அவர். இருவருக்கும் வழக்கு வரலாம். "அவரோடு பேசிவிட்டு வாருங்கள்," என்றார்.

பேசினேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் பின்வளவில், வெறும் மரவாங்கில் இருந்தார்.

"நான் எல்லாத்தையும் சொல்லப் போறன், அத்தான்."

கேட்கவில்லை. இன்னொரு முறை கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டில் தவநேசன் இருக்கிறார் என்று அப்போதுதான் நினைவு வந்தது. அத்தான் அந்த வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப சொல்லி? என்னை மடையன் எண்டினம். நீ சொன்னாப் பொய்யனும் எண்டுவினம். மடையனாவே இருந்திட்டுப் போறன். விடு."

"நீங்கள் ஏன் என்ர சொல்லைக் கேட்டனீங்கள்?"

எவ்வளவு கேவலமான கேள்வி. கேட்டுவிட்டேன்.

"வேற ஆரிட்டப் பிள்ளை கேக்கிறது?" என்றார்.

முதல் நாளே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு பிழைதான் இருந்திருக்கும், என் பிழை. அவர் எனக்காகச் சொன்ன பொய், நான் திரும்பிவரக்கூடிய கதவை அடைத்துவிட்டது. அடைக்கும்போது நான் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

யூலை 30, வியாழன்

உடுப்புத் தோய்த்தேன். மூன்று நாளாகக் காயவில்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

வசந்தகாலத்தின் முதல் குளிர்முகம். மத்தியானத்திலிருந்து காற்று. எனக்கு வேலையில்லாத நாள். ஆனாலும் காலையிலேயே படங்களைப் பார்த்துவிட்டேன். இந்தப் பழக்கம் செத்தாலும் போகாது. பின்னேரம் ஐந்தரைக்கு அடங்கும்.

மூன்றரைக்கு அக்கா போன் எடுத்தாள். அவளாக எனக்கு எடுத்து மாதக் கணக்காகிறது.

"அத்தான் கொடிக்கம்பத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"என்ன கம்பம்?"

"உடுப்புக் காயப்போடுற கம்பம். காத்து அடிக்கிற நேரமெல்லாம் இப்பிடித்தான், சுகி. ஓடிப்போய் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிப்பார். இரும்புக் கம்பம், சீமெந்தில நட்டது, எங்க விழப்போகுது? சொன்னாக் கேக்கமாட்டார். காத்து எப்ப நிக்குமெண்டு உன்னட்டக் கேக்கட்டாம்."

"என்னட்டையோ?"

"வேற ஆரிட்ட? அண்டைக்கும் உன்னட்டக் கேட்டுத்தானே பாயை இறக்காம விட்டவர்."

போனுக்குள் காற்றுச் சத்தம் கேட்டது.

"உனக்குத் தெரியுமோ, அக்கா?"

"பக்கத்தில நிண்டனான். அந்தச் செவிட்டு மனிசன் ஸ்பீக்கரில போடாம எப்ப கதைச்சது? குடை எண்டு நீ சொன்னதும் கேட்டது. நானும் அதுக்குச் சிரிச்சனான், சுகி."

ஏழு மாதம். அவள் போட்ட சோறு, அவள் வாசலிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த பழத்தட்டு, அவள் கேட்காத கேள்விகள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்து நான் அவள் முன்னால் இருந்து ஏப்பம் விட்டிருக்கிறேன்.

"ஏன் சொல்லேல்லை?"

"அவர் சொல்லாதை எண்டவர். நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்," என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

காரை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் கிளைகள் முறிந்து கிடந்தன. பின்வளவில் அத்தான் நின்றார். கம்பத்தோடு சேர்ந்து சுற்றும் கொடி அது; காற்றில் சுழலப் பார்த்தது. அவர் பிடித்திருந்ததால் சுழலவில்லை. துவாய்களும் அவருடைய சேட்டுகளும் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கை வெளுத்திருந்தது.

கிட்டப் போய் அவர் காதுக்குள் "அத்தான்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "வந்திட்டியோ? எத்தினை மணிக்கு நிக்கும்?"

ஐந்தரை. எனக்குத் தெரியும். எல்லா மாதிரிகளும் ஐந்தரை என்றுதான் சொல்கின்றன. மேற்கே காற்று அடங்கத் தொடங்கிவிட்டதை ஒழுங்கையில் நிற்பாட்டிய காருக்குள் இருந்து போனில் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

"தெரியாது, அத்தான்," என்றேன்.

இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் தெரியாது. அவர் என்னை வடிவாக உற்றுப் பார்த்தார். கோபிப்பார், அல்லது அழுவார் என்று நினைத்தேன்.

"தெரியாதெண்டா, பிடி," என்றார்.

அவர் கைக்குக் கீழே பிடித்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது. வேலிக்கு அப்பால் தவநேசன் தன் முற்றத்தில் வந்து நின்று எங்களைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார்.

ஐந்தரைக்குக் காற்று நின்றது. நாங்கள் விடவில்லை. அக்கா கூடையோடு வந்து, எங்களைச் சுற்றிச் சுற்றிக் கொடியில் கிடந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனாள்.